டாட்டா சொல்லாமல் நழுவி வரச் சொல்கிறார்கள், செய்யலாமா?

#1 நிலாமுற்றம் (சென்னை)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு 2 வயது 10 மாதம். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, நான் அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இவ்வளவு நாள் மாமியார் கூட இருந்து பார்த்துக்கொண்டார், இப்போது மாமனாருக்கு முடியாமல் போய் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் மூன்று வாரம் முன்பு பக்கத்துத் தெரு பிளே ஸ்கூலில் சேர்த்தோம்.

தினமும் காலை 8.40-க்கு அந்த கேட்டில் நடப்பதைச் சொல்கிறேன். வண்டியை நிறுத்துவதற்குள் என் ஷாலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வான். ஆயாம்மா வந்து விரல் விரலாகப் பிரித்து எடுப்பார். அவன் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும், நான் அதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டிப் போவேன்.

போன வாரம் மிஸ் சொன்னார், "டாட்டா சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், அதனால்தான் அழுகிறான். அவன் பொம்மையைப் பார்க்கும்போது சத்தமில்லாமல் நழுவிவிடுங்கள்" என்று. செவ்வாயும் புதனும் அப்படியே செய்தேன். கேட்டில் அழுகை இல்லை, உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் நான் பாத்ரூம் போனால்கூட கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறான். கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கில் விரலை விட்டு என் காலைத் தொட்டுப் பார்க்கிறான். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து நான் இருக்கிறேனா என்று தடவிப் பார்த்துவிட்டுத் தூங்குகிறான். வெள்ளிக்கிழமை லேசாகக் காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்கா இது ஏக்கக் காய்ச்சல், வேப்பிலை அடித்து மந்திரித்துக்கொண்டு வா என்கிறார்.

நான் செய்தது தப்பா? பழகிவிடும் என்று விட்டுவிடலாமா?

#2 கார்த்தி_அப்பா (திருப்பூர்)

சகோதரி, எங்கள் பெண்ணும் பத்து நாள் இப்படித்தான். நாங்களும் நழுவித்தான் வந்தோம். பதினோராவது நாள் தானாகப் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள், இப்போது யுகேஜி. நீங்கள் கலங்கி நிற்பதைப் பார்த்தால் அவன் இன்னும் அதிகமாக அழுவான். மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

#3 பால்வாடி_டீச்சர் (திண்டுக்கல் பக்கம்)

நான் 21 வருடமாக அங்கன்வாடியில் இருக்கிறேன். எங்கள் மாநிலத்தில் இரண்டு வயதிலேயே பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதனால் ஜூன் மாதம் என்றாலே எங்களுக்கு அழுகை மாதம்தான். தம்பி கார்த்தி கோபித்துக்கொள்ளக் கூடாது, நழுவிப் போவதற்கு நான் முழுக்க எதிரி.

ஏன் என்று சொல்கிறேன். பிள்ளை பொம்மையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது, அம்மா இல்லை. அந்த நிமிடத்தில் அதற்கு என்ன புரிகிறது? நான் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று புரிகிறது. அப்புறம் எப்படிக் கண்ணை எடுக்கும்? அதனால்தான் பாத்ரூம் வாசலில் காவல் உட்கார்ந்திருக்கிறான். நிலா, அது அடம் இல்லை. அவனுக்குத் தெரிந்த கணக்கில் அவன் சரியாகத்தான் செய்கிறான். கேட்டில் அழுகை நின்றதாக நினைக்கிறீர்கள், அது இடம் மாறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

சொல்லிவிட்டுப் போங்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள். "அம்மா ஆபீஸ் போகிறேன். நீ சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பால் குடித்ததும் வந்துவிடுவேன்." நாலு மணி என்று சொன்னால் அதற்குத் தெரியாது, பால் குடித்ததும் என்றால் தெரியும். தினமும் அதே வார்த்தை, அதே முத்தம், அதே இடத்தில் நின்று கை ஆட்டுவது. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். "இன்னும் ஒரு தடவை தூக்கு" என்று திரும்ப வந்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான் கூடும். அதில் தம்பி சொல்வது சரி, முகத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அழுகை", "அடம்" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம், எனக்கு ரொம்ப நாளாக இதில் வருத்தம் உண்டு. ஒரு பையன் எங்களிடம் வந்தான், இரண்டரை வயது. காலையில் நன்றாக விளையாடுவான், பதினொரு மணி ஆனால் ஓ என்று அலறி வாசலுக்கு ஓடுவான். எட்டு நாள். அடம், செல்லம், பாட்டி வளர்த்த பிள்ளை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். ஒன்பதாவது நாள் தற்செயலாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. விசில் வருவதற்கு முன்னால் ஒரு உஸ் சத்தம் வரும் இல்லையா, அதற்கே அவன் தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டது. அவர்கள் வீட்டில் விறகடுப்பு, குக்கரே கிடையாது. அடுத்த நாள் அடுப்பு பற்ற வைக்கும் முன்பு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காலி குக்கரைக் காட்டினேன். வெயிட்டைக் கையில் கொடுத்தேன், உருட்டி உருட்டிப் பார்த்தான். "இது ஸ்ஸ்ஸ்னு சத்தம் போடும், உனக்குப் பயமா இருந்துச்சா, டீச்சர் மடியில் வந்து உட்காரு" என்றேன். நாலாவது நாள் மற்ற பிள்ளைகளிடம் அவனே போய் "விசில் வரப் போகுது, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எட்டு நாள் நான் அடம் என்று நினைத்தது அவ்வளவும் பயம்.

#4 தஞ்சை_தாத்தா

டீச்சரம்மா சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொண்டேன். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எனக்கு 71 வயது. எங்கள் காலத்தில் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள், யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று யார் பார்த்தது? அடி வாங்கினோம், பூச்சாண்டிக்குப் பயந்தோம், வளர்ந்து ஆளாகி, பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இன்றைக்கு ஒவ்வொரு சிணுங்கலுக்கும் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தால் பிள்ளை வீம்பாகத்தான் வளரும். உலகம் நாளைக்கு இவனை மடியில் வைத்துக்கொள்ளுமா? இதையும் யோசித்துப் பாருங்கள்.

#5 வார்டு_நர்ஸ் (மதுரை)

ஐயா, உங்கள் காலத்து வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்ததோடு சித்தி, அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று ஒரு பத்து மடியும் இருந்தது. அம்மா வயலுக்குப் போனாலும் பிள்ளை தெரிந்த கையில்தான் இருந்தது. நிலாவின் பையன் போவது தெரியாத இடத்துக்கு, தெரியாத முகத்திடம். இரண்டும் ஒன்றில்லை.

நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முன்பு இங்கிலாந்து மருத்துவமனைகளில் குழந்தையைச் சேர்த்தால் பெற்றோர் கூட இருக்கக் கூடாது, வாரத்தில் கொஞ்ச நேரம் வந்து பார்க்கலாம், அவ்வளவுதான். காரணம் கேட்டால், அம்மா வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பார்கள். இதையே ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1952-இல் படமாக எடுத்தார். இரண்டு வயதுப் பெண், எட்டு நாள் மருத்துவமனையில். அந்தக் குழந்தை பெரிதாக அழவில்லை, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கக்கூடிய பிள்ளை. ஆனால் நாள் போகப் போக முகம் வாடி, கடைசியில் அம்மா வந்தபோது சட்டென்று ஒட்டாமல் விலகி நிற்கிறது. அமைதி என்று அவர்கள் நினைத்தது குழந்தை நம்பிக்கை விட்டுப்போனதை. ராபர்ட்சனும் அவரோடு வேலை செய்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, 1959-இல் அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை வந்தது, பெற்றோர் கூட இருக்கலாம் என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு ஒன்று மனதில் நின்றுவிட்டது. வார்டில் அலறுகிற குழந்தையைப் பார்த்து நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. யாரையும் எதிர்பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் குழந்தையிடம்தான் முதலில் போவேன்.

நிலா, காய்ச்சலை மட்டும் ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள். புதிதாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் மாற்றி மாற்றி வரும், டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் ஏக்கம் என்ற சொல்லை நான் பழைய நம்பிக்கை என்று தள்ள மாட்டேன். "பிள்ளை ஏங்கிப் போயிருக்கு" என்று நம் பாட்டிமார் சொன்னபோது, உள்ளே ஏதோ குறைகிறது, அது உடம்பில் தெரிகிறது என்றுதானே சொன்னார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், மருந்தை மட்டும் டாக்டரிடம் வாங்குங்கள்.

#6 கார்த்தி_அப்பா

நர்ஸ் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டில் மனைவியிடம் கேட்டேன். பத்து நாளில் அழுகை நின்றது சரி, ஆனால் அந்த வருடம் முழுவதும் பள்ளியில் நடந்த எதையும் பெண் வீட்டில் சொன்னதே இல்லை என்றாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அதற்கு முன்பு குளிக்கும்போதுகூடப் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை. நழுவி வந்ததுதான் காரணமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது, இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

#7 வார்டு_நர்ஸ்

கண்டிப்பாக முடியும் தம்பி. ஐந்து வயது ஒன்றும் முடிந்துபோன வயது இல்லை. மூளையில் உணர்ச்சியை அடக்கி ஆளும் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. "இன்னைக்கு ஸ்கூலில் என்ன நடந்தது" என்று விசாரணை மாதிரி கேட்காதீர்கள், பிள்ளை "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லும். உங்கள் நாளில் நடந்ததை முதலில் நீங்கள் சொல்லுங்கள். "இன்னைக்கு கம்பெனியில் அப்பாவைத் திட்டிவிட்டார்கள், கஷ்டமாக இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். அப்பாவுக்கே கஷ்டமாக இருக்கலாம் என்று தெரிந்தால் அதுவும் பேசும். போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். எட் டிரோனிக் என்ற ஆய்வாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கும் அம்மா இரண்டு நிமிடம் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், எதுவும் பலிக்காமல் உடைந்து அழும். நாம் போனைப் பார்க்கும்போது நம் முகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே சோதனையில், அம்மா மறுபடி சிரித்துப் பேச ஆரம்பித்ததும் குழந்தை திரும்பி வரும். நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

#8 ஸ்டுட்கார்ட்_கவி

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே என் பெண்ணைக் காப்பகத்தில் சேர்த்தபோது நடந்ததைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன். பெர்லின் முறை என்று ஒன்று, 1980-களில் உருவாக்கியது, இங்கே பல இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். முதல் மூன்று நாள் நானும் குழந்தையும் சேர்ந்து ஒரு மணி நேரம் போய் வர வேண்டும். பிரிவது என்ற பேச்சே கிடையாது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன், பிள்ளை விளையாடிவிட்டு என்னிடம் வந்து தொட்டுவிட்டுப் போகும். அந்த மூன்று நாளும் ஒரே டீச்சர்தான் மெல்ல மெல்ல நெருங்கி வருவார். நாலாவது நாள் நான் "அம்மா வெளியே போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போக வேண்டும். சொல்லிவிட்டுத்தான், அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. அழுகிறதா என்பது கேள்வியே இல்லை, அந்த டீச்சர் தூக்கினால் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. அடங்கினால் அரை மணி நேரம் வரை வெளியே இருக்கலாம். அடங்காவிட்டால் உடனே கூப்பிட்டுவிடுவார்கள், இன்னும் சில நாள் கழித்துத்தான் மறுபடி முயற்சி. என் பெண்ணுக்கு மூன்று வாரம் ஆனது.

நிலா, உங்கள் பையன் அங்கே யார் தூக்கினால் அடங்குகிறான்? இதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஒரு ஆள் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

#9 மழலைக்கூடம் (கோவை)

நான் சின்னதாக ஒரு பிளே ஸ்கூல் நடத்துகிறேன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். மூன்று வாரம் அம்மா கூட உட்காரலாம் என்று நான் சொன்னால், வேலைக்குப் போகும் எந்த அம்மாவால் முடியும்? லீவு கிடைக்காமல்தானே எங்களிடம் வருகிறார்கள். ஜூனில் ஒரே நாளில் பதினைந்து புதுப் பிள்ளைகள், பதினைந்தும் அழும். ஒன்றைத் தூக்கினால் இரண்டு காலைக் கட்டிக்கொள்ளும். தனியார் பிளே ஸ்கூல்களுக்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கொடுத்த வழிகாட்டுதலில் 20 பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், ஒரு பராமரிப்பாளர் என்று இருக்கிறது. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே இரண்டு பேருக்கு நாலு கைதான்.

அதோடு பெற்றோர் எங்களிடம் கேட்பது என்ன தெரியுமா? "இன்னைக்கு என்ன எழுதினான்?" கேமராவில் பிள்ளை அழுவதைப் பார்த்துவிட்டால் உடனே போன். அதனால்தான் மிஸ்கள் எப்படியாவது அழுகையை நிறுத்தப் பார்க்கிறார்கள். "அழுதால் பேபி கிளாசில் போட்டுவிடுவேன்", "ஊசி போடுவேன்" என்பதெல்லாம் அந்த அவசரத்தில் வாயில் வருவது. நான் அதை நியாயப்படுத்தவில்லை, என் பள்ளியில் அந்த வார்த்தைகளை அடியோடு நிறுத்தினேன், அதற்கே ஒரு வருடம் ஆனது. மிஸ் கெட்டவர் என்பதால் வருவதில்லை அது, அவரையும் அவருடைய சின்ன வயதில் அப்படித்தான் அடக்கியிருக்கிறார்கள், அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

நான் என்ன செய்தேன் என்றால், புதுப் பிள்ளைகளை ஒரே நாளில் சேர்ப்பதை நிறுத்தினேன். வாரத்துக்கு மூன்று பேர். முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும், அம்மாவால் முடியாவிட்டால் பாட்டியோ சித்தப்பாவோ யாராவது கூட வந்து உட்காரட்டும். வீட்டிலிருந்து அம்மாவின் பழைய துணி ஒன்று பையில் வைத்து அனுப்பச் சொன்னேன், துவைக்காத துணி. சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் மதியம் தூங்கும்போது அதை மூக்கில் வைத்துக்கொண்டு தூங்கும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு யாரும் கேட்கவில்லை.

#10 நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். டாக்டரிடம் காட்டிவிட்டேன், வைரஸ் காய்ச்சல்தான், சரியாகிவிட்டது. கவி, நீங்கள் கேட்டதை விசாரித்தேன். மிஸ் தூக்கினால் அடங்குவதில்லையாம், சமையலறையில் இருக்கும் ஆயாம்மா தூக்கினால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறானாம். ஆனால் ஆயாம்மாவுக்கு அந்த நேரத்தில் வேலை இருக்கும் என்பதால் அவரிடம் கொடுப்பதில்லை. நாளைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருக்கிறேன், போய்ப் பேசப் போகிறேன். எனக்குச் சண்டை போடத் தெரியாது, அழுதுவிடுவேனோ என்றுதான் பயம்.

#11 பால்வாடி_டீச்சர்

அழுதால் அழுங்கள் கண்ணு, ஆயாம்மாவைக் கேட்டு வாங்குங்கள். யாரிடம் பிள்ளை ஒட்டுகிறதோ அவர்தான் அதற்கு அந்த இடத்தில் அம்மா, அவர் டீச்சரா சமையல்காரரா என்று பிள்ளை பார்ப்பதில்லை. எங்கள் மையத்தில் பாதிப் பிள்ளைகள் முதல் மாதம் உதவியாளர் அக்கா பின்னாடியேதான் சுற்றும். முட்டை உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடும். கையில் வேலை இருந்தால் அழுகை குறைகிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மழலைக்கூடம் சொன்ன ஆள் பற்றாக்குறையைப் பற்றி நானும் பேசியே ஆக வேண்டும். கல்வியாளர் மினா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் பற்றி 1972-இல் அறிக்கை கொடுத்தது. சத்துணவு, உடல்நலம், விளையாட்டு, கற்றல் எல்லாம் ஒரே இடத்தில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்ற அந்த யோசனையிலிருந்துதான் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. எங்கள் அங்கன்வாடிகள் நடக்கும் அந்தத் திட்டத்தில் பிள்ளையின் எடையை நாங்கள் மாதாமாதம் போடுகிறோம், உயரம் அளக்கிறோம், எல்லாவற்றையும் போனில் ஏற்றுகிறோம். எடை குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். நாற்பது நாளாக ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை, எழுத ஒரு கட்டமும் கிடையாது. என் ஆதங்கம் இதுதான். நான் என் நோட்டில் தனியாக எழுதி வைக்கிறேன். யார் இன்று முதல் தடவை சிரித்தது, யார் யாரோடு சண்டை போட்டுத் தானாகச் சமாதானம் ஆனது என்று. மூன்று நோட்டு நிறைந்துவிட்டது.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவரலாம். எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கினீர்கள்? கட்டட வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்காக 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதுதான் மொபைல் கிரெஷஸ் என்ற குழந்தைகள் காப்பக அமைப்பு. மண்ணும் ஜல்லியும் கொட்டிக் கிடக்கும் இடத்திலேயே அதைச் செய்ய முடிந்ததென்றால் ஏசி போட்ட ஆபீசில் ஏன் முடியாது?

#12 வன்னிமகள் (கிளிநொச்சி)

நான் முன்பள்ளி ஆசிரியை. இங்கே நீங்கள் கதைக்கிறதை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். தாத்தா ஐயா கேட்டது எனக்கும் ஒருகாலத்தில் இருந்த கேள்விதான், பிள்ளையைக் கடினமாக வளர்த்தால்தானே உலகத்தைத் தாங்கும் என்று.

போர் முடிந்து, 2010-இல் நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்து, ஒரு தகரக் கொட்டிலில் முன்பள்ளியைத் திரும்பவும் தொடங்கினோம். நாலு வயதுப் பிள்ளைகள். மணல் விளையாட விட்டால் வீடு கட்ட மாட்டார்கள், பங்கர்தான், பதுங்குகுழிதான் வெட்டுவார்கள். பொம்மையை அதற்குள் வைத்து மூடிவிட்டு "சத்தம் போடாதே" என்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவே ஏலாது, முதல் கிழமை "இந்த விளையாட்டு வேண்டாம்" என்று மணலை மூடிவிட்டேன். பிள்ளைகள் விளையாடுவதையே விட்டுவிட்டு இருந்தார்கள். பிறகு உளவள ஆலோசனைப் பயிற்சிக்கு வந்த ஒரு அக்காதான், மூட வேண்டாம், பக்கத்தில் இருங்கள் என்றார். நான் பக்கத்தில் இருந்து, "உள்ளுக்கு இருக்கிற பாப்பாவுக்குப் பயமா இருக்குமோ, என்ன வேணுமாம்?" என்று மட்டும் கேட்பேன். "தண்ணி வேணுமாம்" என்று ஒரு பிள்ளை சொன்னாள். சிரட்டையில் தண்ணி கொண்டுபோய் வைத்தோம். ஒவ்வொரு நாளும் இப்படியே. இரண்டு மாதத்தால் அதே பிள்ளை பாப்பாவை வெளியே எடுத்து, வெயிலில் இருத்தித் தலை வாரிவிட்டாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடினமான உலகத்தை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள், ஐயா. எங்களிடமும் கடினம் கிடைத்திருந்தால் அவர்கள் எங்கே போய் அழுதிருப்பார்கள்?

#13 தஞ்சை_தாத்தா

தாயே, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வேறு ஒன்று சொல்கிறேன். எனக்கு ஆறு வயது இருக்கும், கொல்லையில் தனியாக இருந்த புளிய மரத்தில் முனி இருக்கிறது என்று சொல்லித்தான் என்னை அடக்குவார்கள். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் ராத்திரியில் அந்தப் பக்கம் போக மாட்டேன். இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அதனால் பூச்சாண்டி விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. பேரன் ஆத்திரம் வந்தால் தட்டைத் தூக்கி எறிகிறான், மூன்று வயது. மருமகள் "கோபமா கண்ணு, கோபமா" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறாள். அது சரியா?

#14 மழலைக்கூடம்

ஐயா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கோபம் வரலாம், தட்டை எறியக் கூடாது. இரண்டையும் சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் சொன்னால் பாதிதான். "கோபமா இருக்கா, சரி. தட்டை எறிய விடமாட்டேன்" என்று சொல்லி, கையை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கத்தாமல், குரலைத் தாழ்த்தி. அந்த நேரத்தில் நீளமாகப் புத்தி சொல்லாதீர்கள், அவன் காதில் எதுவும் ஏறாது. அடங்கின பிறகு சிதறின சோற்றை இரண்டு பேருமாகச் சேர்ந்து அள்ளுங்கள். தண்டனையாக இல்லை, கொட்டியதைச் சரிசெய்யத் தெரிய வேண்டும் என்பதற்காக. மூன்று வயதில் முப்பது தடவை இதையே செய்ய வேண்டியிருக்கும், ஒரே நாளில் மாறாது.

அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது, ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். சின்னப் பிள்ளைகளுக்கு 2015-இன் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் கொடுமைக்குத் தண்டனை இருக்கிறது. ஆனால் "ஷேம் ஷேம்" என்று பத்துப் பிள்ளைகள் முன்னால் சிரிக்க வைப்பதை எந்தப் பெற்றோர் புகார் செய்யப் போகிறார்கள்? ஜட்டி நனைத்துவிட்ட பிள்ளை அன்றைக்கு முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

#15 நிலாமுற்றம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

போய்ப் பேசினேன். மிஸ் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் குறை சொல்ல வரவில்லை, நீங்களும் பத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள் என்று தெரியும், காலையில் முதல் பதினைந்து நிமிடம் மட்டும் ஆயாம்மாவிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். "பேபி கிளாஸ்" வார்த்தையை அவனிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டேன், அப்போது என் குரல் உடைந்துவிட்டது, மிஸ்தான் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது கேட்டில் நின்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். "சாப்பிட்டு, தூங்கி, பால் குடித்ததும் அம்மா." முதல் நாலு நாள் நழுவி வந்ததைவிட அதிகமாக அழுதான், டீச்சர் அம்மா, உங்களை நம்பித்தான் தாங்கிக்கொண்டேன். ஐந்தாம் நாள் அழுதுகொண்டே கையை ஆட்டினான். போன வாரம் அழவில்லை, ஆனால் உதட்டை மடித்துக்கொண்டு நின்றான். இந்தத் திங்கட்கிழமை மறுபடி அழுகை, இரண்டு நாள் லீவில் கூடவே இருந்துவிட்டதால் என்று நினைக்கிறேன். பழைய ஷால் ஒன்றை நறுக்கிப் பையில் வைத்திருக்கிறேன், அது ஆயாம்மா இடுப்பில் செருகியிருக்கும், வேண்டும்போது இழுத்துக்கொள்கிறானாம்.

பாத்ரூம் வாசலில் உட்காருவது நின்றுவிட்டது. நேற்று நான் குளித்துவிட்டு வந்தபோது ஹாலில் கரடிப் பொம்மையை வாசல் பக்கம் திருப்பி வைத்து, "சாப்ட்டு, தூங்கி, பால் குச்சி, வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து அதைத் தூக்கிக்கொண்டான்.

ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை மாதக் கடைசிக் கணக்கு, கண்டிப்பாக ஒரு மணி நேரம் தாமதமாகும். வீட்டுக்காரருக்கும் அன்று பகல் ஷிப்ட். பால் குடித்ததும் வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் இவ்வளவும் வீணாகிவிடுமா?

#16 பால்வாடி_டீச்சர்

ஒரு நாளில் வீணாகாது. ஆனால் காலையிலேயே வார்த்தையை மாற்றிச் சொல்லுங்கள். "இன்னைக்கு மட்டும் பால் குடித்து, கொஞ்சம் விளையாடி, ஆயாம்மா விளக்குப் போட்டதும் வருவேன்." ஆயாம்மாவிடமும் அதே வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பால் குடித்து முடித்ததும் அவர் ஒரு தடவை அவனுக்குச் சொல்லட்டும். இன்னும் தாமதமானால் போன் செய்து ஆயாம்மா மூலமாகச் சொல்ல வேண்டும். வந்ததும் பையைத் தேடாதீர்கள், செருப்பைத் தேடாதீர்கள், முதலில் கீழே உட்காருங்கள், அவன் வந்து கட்டிக்கொள்ளட்டும். அடித்தாலும் அடிப்பான், வாங்கிக்கொண்டு "லேட்டாயிடுச்சு, கோபமா இருக்கா" என்று கேளுங்கள்.

#17 நிலாமுற்றம்

சரி டீச்சர் அம்மா. விளக்குப் போட்டதும். நாளைக்குக் காலையிலேயே ஆயாம்மாவிடம் பேசிவிடுகிறேன்.